வடமாநிலத் தொழிலாளர்களால் நெல்லைக்காரர்களின் வேலை போகிறதா?

திருநெல்வேலியில் கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் பீகார், ஒடிசா ஆட்கள் வந்துவிட்டார்கள், நம்மவர் பிழைப்பு என்னாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். சில வேலைகளில் அடி விழும்தான். ஆனால் அதற்குக் காரணம், கூலியைக் குறைக்க வழிவிடும் ஏற்பாடு. வந்தவர்கள் அல்ல.

இந்த ஏற்பாடு நமக்குப் பழையது. இந்தச் சீமையிலிருந்து மூணாறு தேயிலைக் காட்டுக்குப் போனார்கள், தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைக்கும் போனார்கள். இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. ஆள் சேர்த்து மேய்க்கும் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு எல்லாம் ஆளின் கடனாகச் சீட்டில் ஏறும். அதை அடைக்க முன்வரும் தோட்டத்துக்கு மட்டுமே ஆள் மாறலாம். 1921-ல்தான் அதை ஒழித்தார்கள். அப்புறம் இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அந்தத் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இலங்கையோடு போட்ட 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒத்துக்கொண்டது. அவர்களில் பலர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை!

சரி, இன்றைக்கு? சீட்டு இல்லை, ஒப்பந்தக்காரரின் முன்பணமும் பிடித்துவைத்த கூலியும் பல இடங்களில் அதே வேலையைச் செய்கின்றன. வெளிமாநிலத் தொழிலாளருக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1979 சட்டமே சொன்னது. அது ஒழுங்காக நடந்திருந்தால் மலிவு ஆள் தேடி யாரும் பாட்னா வரை போயிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, நம் பையன்கள் பலர் இங்கே வேண்டாம் என்ற சென்ட்ரிங் வேலையைத்தான் துபாயில் செய்கிறார்கள்.