லீஸ் முடிய ஒன்றரை வருடம் இருக்கிறது, ஓசூருக்கு வீட்டை மாற்றலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில் 5 லட்சம் கொடுத்து மூன்று வருட லீஸுக்கு இருக்கிறோம். இன்னும் 17 மாதம் பாக்கி. எனக்கு ஓசூர் சிப்காட்டில், மூக்கண்டப்பள்ளிப் பக்கம் வேலை, சம்பளம் 27,000. தினமும் பைக்கில் போய் வருகிறேன், ஒரு தடவைக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆகிறது. கம்பெனி பஸ் ஜெனரல் ஷிப்டுக்கு மட்டும்தான். ஓசூரில் 9,500 வாடகையில் ஒரு வீடு பார்த்தோம், அங்கிருந்து கம்பெனிக்கு 25 நிமிடம். அட்வான்ஸ் 60,000 கேட்கிறார்கள். மனைவி இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை, மகளும் அதே பள்ளியில்தான் படிக்கிறாள். நடுவில் காலி செய்தால் 25,000 பிடித்துக்கொள்வதாக ஒப்பந்தத்தில் இருக்கிறது. வேறு ஆள் லீஸுக்கு வந்த பிறகுதான் பணம் தருவேன் என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்வது?

பதில்: மாறுங்கள். ஆனால் இப்போதே வேண்டாம், அந்த 25,000 ரூபாயை இழந்தும் வேண்டாம். எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்று சொல்கிறேன்.

லீஸ் வீட்டில் இருப்பவர்கள் பலர் "எனக்கு வாடகையே கிடையாது" என்று கணக்குப் போடுகிறார்கள். உங்கள் 5 லட்சத்தை வங்கியில் போட்டு ஏழு சதவீத வட்டி வந்தால் வருடத்துக்கு 35,000. அதாவது மாதம் 2,900 ரூபாய் வாடகை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பைக்குக்கு வருவோம். போக வர 100 கிலோமீட்டர், லிட்டருக்கு 50 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் 25 நாளைக்கு 5,000. டயர், செயின், சர்வீஸுக்கு இன்னொரு ஆயிரம். ஆக, கிருஷ்ணகிரியில் இருப்பதற்கு மாதம் 8,900 செலவாகிறது. ஓசூரில் வாடகை 9,500, பெட்ரோல் ஒரு 800, அட்வான்ஸில் முடங்கும் பணத்துக்கு வட்டி 350 என்று சேர்த்தால் 10,650. வித்தியாசம் 1,750தான்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். இப்போது மாதம் 62 மணி நேரம் ரோட்டில் போகிறது. ஓசூரில் 21 மணி நேரம் போகும். 41 மணி நேரம் மிச்சம்.

மகளின் முழு ஆண்டுத் தேர்வு முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது என்று கொள்வோம். அதற்குப் பிறகு மாறினால் லீஸில் மீதி 13 மாதம். அந்த 13 மாதத்துக்குக் கூடுதல் செலவு சுமார் 23,000, பிடித்தம் 25,000, வண்டி வைத்துச் சாமான் ஏற்ற 12,000. மொத்தம் 60,000. அதற்குக் கிடைப்பது 533 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 112 ரூபாய் விலை கொடுக்கிறீர்கள். உங்கள் சம்பளத்தை வேலை நேரத்தால் வகுத்தால் மணிக்கு 130 ரூபாய்தான் வருகிறது. கிட்டத்தட்ட சரிக்குச் சரி. ஆனால் பிடித்தம் இல்லாமல் வெளியே வந்துவிட்டால் அதே ஒரு மணி நேரம் 65 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதனால்தான் அந்த 25,000 ரூபாய் மேல் இவ்வளவு கவனம் வைக்கச் சொல்கிறேன்.

மனைவியின் வேலையை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. ஓசூரிலும் தனியார் பள்ளிகள் நிறைய உண்டு. ஆனால் பள்ளிகள் ஆள் எடுப்பது ஏப்ரல், மே மாதங்களில்தான். ஆண்டின் நடுவில் கிளம்பினால் அவர் சம்பளம் சில மாதம் நிற்கும், மகளின் படிப்பும் தடுமாறும். அவருக்கு வேலை உறுதியான பிறகு ஓசூர் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள். அவர் இங்கேயே தொடர விரும்பினால் சூளகிரியில் வீடு பாருங்கள். ஏறக்குறைய பாதி வழி, இரண்டு பக்கமும் பஸ் இருக்கிறது. தர்மபுரிக்காரர்களுக்காவது பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு ரயில் உண்டு. கிருஷ்ணகிரி நகரத்துக்கு அதுவும் இல்லை, ரோடுதான் கதி.

அந்த ரோட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை. செகண்ட் ஷிப்ட் முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு மேல் லாரிகளுக்கு நடுவே 50 கிலோமீட்டர் பைக்கில் வருவதை எந்தக் கணக்கிலும் என்னால் அடக்க முடியவில்லை. விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் ஒரு லாரி போதும். இந்த நாலு மாதமும் ஜெனரல் ஷிப்ட் கேட்டுப் பாருங்கள். கிடைக்காத வாரங்களில் ஓசூரில் நண்பர்கள் அறையில் தங்கிவிடுங்கள். வாரம் 500 கொடுத்தாலும் பெட்ரோலில் மிச்சமாகிவிடும்.

இனி ஒப்பந்தம். மூன்று வருட ஒப்பந்தம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதா, இல்லை நோட்டரி முத்திரையோடு நின்றுவிட்டதா என்று பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவாக வேண்டும் என்கிறது 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம். போக்கியமாக எழுதியிருந்தால் அதுவும் அடமானம்தான், அதற்கும் பதிவு வேண்டும். பதிவாகவில்லை என்றால், மூன்று வருடம் இருந்தே தீர வேண்டும் என்று வீட்டுக்காரர் அழுத்திப் பேச முடியாது. பதிவாகியிருந்தாலும் அந்த 25,000 அப்படியே அவருக்குச் சேர்ந்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி எழுதிய தொகை உச்ச வரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். நீங்கள் கிளம்பிய அன்றே புது ஆள் குடி வந்தால் அவருக்கு என்ன இழப்பு?

ஆனால் பதிவாகாத காகிதம் உங்கள் கையையும் பலவீனமாக்குகிறது. 5 லட்சம் அவர் கையில் இருக்கிறது, வழக்கு என்று போனால் வருடக் கணக்காகும். பணத்தை வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் அந்தக் கணக்கு விவரத்தை இப்போதே எடுத்து வையுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் சண்டை எதுவும் இல்லாத இந்த நேரத்திலேயே ஒரு ரசீது எழுதி வாங்குங்கள்.

நான் ஒருமுறை வீட்டுக்காரர் பேச்சை நம்பி முதலில் சாவியைக் கொடுத்துவிட்டேன். பணம் முழுதாக வர ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் புது வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கினேன். உங்களுக்கு அது நேரக் கூடாது. உங்களிடம் இருக்கும் ஒரே பிடி அந்தச் சாவி.

ஆகவே "வேறு ஆள் வரட்டும்" என்று அவர் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, அந்த ஆளை நீங்களே தேடுங்கள். கிருஷ்ணகிரியில் லீஸ் வீட்டுக்கு ஆள் கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. மனைவியின் பள்ளியில் சொல்லி வையுங்கள், தெருவிலும் சொல்லுங்கள். புரோக்கர் கமிஷன் கொடுக்க நேர்ந்தாலும் பிடித்தத்தைவிடக் குறைவாகவே ஆகும். ஆனால் வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் யாரையும் உள்வாடகைக்கு வைத்துவிடாதீர்கள். ஆளைக் காட்டிய பிறகு, "இவர் வந்தால் பிடித்தம் இல்லை, இன்ன தேதியில் முழுப் பணமும் தருகிறேன்" என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி வந்தாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

ஓசூர் வீட்டிலும் கவனமாக இருங்கள். 60,000 அட்வான்ஸ் ஆறு மாத வாடகைக்கும் மேல். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் வரம்பாக வைக்கிறது, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் மட்டுமே அதற்கு மேல். 28,500 என்று பேச்சை ஆரம்பியுங்கள். எத்தனை மாத நோட்டீஸில் காலி செய்யலாம் என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். அப்புறம், காலையில் வேலைக்குப் போகும் நேரத்தில் அந்த வீட்டிலிருந்து ஒருமுறை கம்பெனிவரை ஓட்டிப் பாருங்கள். சிப்காட் ஊரைத் தாண்டி பெங்களூர்ப் பக்கம் இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் வீடு எடுத்தால் நகர நெரிசல் முழுவதையும் கடக்க வேண்டும், 25 நிமிடம் 45 ஆகிவிடலாம்.

காலி செய்யும் நாளில் மூன்று பேரும் ஒரே இடத்தில் இருங்கள். புது ஆளின் பணம் வீட்டுக்காரர் கணக்குக்கும், அங்கிருந்து உங்கள் கணக்குக்கும் ஆர்டிஜிஎஸ்ஸில் போகட்டும். அது எல்லா நாளும் எல்லா நேரமும் வேலை செய்கிறது. இவ்வளவு பெரிய தொகையை ரொக்கமாகத் தர அவர் முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், 20,000 ரூபாயும் அதற்கு மேலும் இப்படி ரொக்கத்தில் திருப்புவதை வருமான வரிச் சட்டம் அனுமதிக்கவில்லை. கரண்ட் மீட்டரைப் படம் எடுத்து, பழைய ஒப்பந்தத்தில் கணக்கு தீர்ந்தது என்று இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வங்கியிலிருந்து உங்கள் போனுக்கு மெசேஜ் வந்த பிறகு சாவியைக் கொடுங்கள்.