நண்பரின் சிறு விமானத்தில் நெடும்பயணம் போகலாமா?

கேள்வி: பணி நிமித்தம் லாஸ் ஏஞ்சல்ஸில் வசிக்கிறேன். தனியார் விமானி உரிமம் பெற்ற என் நண்பர், நால்வர் அமரக்கூடிய செஸ்னா 172 விமானத்தை வாடகைக்கு எடுத்து, வட கரோலினா வரை என்னையும் அழைத்துச் செல்ல விரும்புகிறார். செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்கிறார். தஞ்சாவூரிலுள்ள என் பெற்றோர் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: போகலாம். ஆனால் இந்தத் தேதிக்குள் வந்துவிடுவோம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் போக வேண்டும்.

உங்கள் பெற்றோரின் அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது; பெரிய பயணிகள் விமானத்தைவிடச் சிறு விமானத்தில் ஆபத்து கூடுதல்தான். எனினும் அந்த ஆபத்தின் பெரும்பங்கு இயந்திரத்தால் வருவதில்லை, விமானி எடுக்கும் முடிவுகளால் வருகிறது. 1956 முதல் விற்பனையிலுள்ள செஸ்னா 172, உலகிலேயே மிக அதிக எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட விமானம். நடுவானில் இயந்திரம் நின்றாலும் அது கல்லைப் போல விழுந்துவிடாது; தரையிலிருந்து 6,000 அடி உயரத்தில் இருந்தால், காற்றில்லாத வேளையில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தூரம் சறுக்கிச் சென்று, இறங்க ஓர் இடம் தேட அவகாசம் தரும்.

தவறான முடிவுகள் அத்தகைய அவகாசத்தைத் தருவதில்லை. அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி, 1999 ஜூலை 16 இரவு, மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு, மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நோக்கித் தாமே விமானத்தை ஓட்டிச் சென்றபோது, மூவரும் கடலில் விழுந்து இறந்தார்கள். இருளிலும் மூடுபனிப் புகைமூட்டத்திலும் அடிவானம் தெரியாமல் அவர் திசையுணர்வை இழந்ததே காரணம் என்று விசாரணை முடிவு கூறியது. வெளியே எதுவும் தெரியாத நிலையில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதிச் சான்று அவரிடம் இல்லை. உங்கள் நண்பரிடம் அது இருக்கிறதா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இல்லையென்றால் பகலில், தெளிந்த வானத்தில் மட்டுமே பறப்பது என்று இருவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பயணியை ஏற்றிச் செல்லும் விமானி கடந்த 90 நாட்களில் குறைந்தது மூன்று முறை மேலேற்றி இறக்கியிருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். நெடும்பயணத்துக்கு அந்தப் பழக்கம் மட்டும் போதாது என்பது என் கருத்து.

நேர்கோட்டில் பார்த்தாலே ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எரிபொருளுக்காக இறங்கினால், மூன்று நான்கு நாட்களில் போய்ச் சேரலாம். நீங்கள் ஒரு வாரத்துக்கு மேலேயே ஒதுக்குங்கள். ராக்கி மலைகளின் உயர்ந்த பகுதியைத் தவிர்த்து, அரிசோனாப் பாலைவனம், எல் பாசோ, டெக்சாஸ் என்று தெற்கு வழியாகச் செல்வது நல்லது. அங்கும் கோடைப் பிற்பகல்கள் கொடுமையானவை: வெப்பத்தால் காற்று அடர்த்தி குறைந்து, இயந்திரத்தின் திறனும் இறக்கையின் தூக்குவிசையும் ஒருசேரக் குறைய, மேலேற நீண்ட ஓடுபாதை தேவைப்படும், இடிமேகங்களும் அந்த நேரத்தில்தான் திரளும். விடியலில் கிளம்பி நண்பகலுக்குள் இறங்கிவிடுங்கள்.

தேதிக்கு அடிபணியாத ஒருவரை இங்கே சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்காவை முதன்முதலில் விமானத்தில் கடந்த கால்பிரெய்த் ராட்ஜர்ஸ், 1911 செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கில் கிளம்பினார். 30 நாட்களுக்குள் கடப்பவருக்கு 50,000 டாலர் பரிசு என அறிவிக்கப்பட்டிருந்தது. பலமுறை விழுந்து, விமானத்தைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து, பரிசுக்கான கெடு முடிந்த பின்னும் விடாமல் பறந்து, 49 நாட்களில் கலிபோர்னியாவிலுள்ள பாசடீனாவை அடைந்தார்.

செலவைப் பகிர்வது சட்டப்படி சரியே. எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், விமான வாடகை ஆகியவற்றில் உங்கள் நண்பர் தம் பங்கைக் கட்டாயம் செலுத்த வேண்டும். முழுவதையும் நீங்களே கொடுத்தால் அது விதிமீறலாகிவிடும்.

கேள்வி: அப்படிப்பட்ட விமானத்தில் உடன் செல்பவர் வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

பதில்: இல்லை. கிளம்பும் முன் நண்பர் இறக்கையின் அடியிலுள்ள திறப்பை அழுத்தி, ஒரு கண்ணாடிக் குப்பியில் சிறிது எரிபொருளைப் பிடிப்பார். அருகில் நின்று பாருங்கள். இளநீல எரிபொருளுக்கு அடியில் நிறமற்ற குமிழ் உருண்டால் அது தண்ணீர். அது வராமல் தெளியும் வரை மீண்டும் மீண்டும் பிடிக்க வேண்டும். உங்கள் எடையையும் பையின் எடையையும் குறைத்துச் சொல்லாதீர்கள். விமானம் தாங்கும் எடைக்கு வரம்பு உண்டு; தொட்டி நிறைந்தால் எரிபொருளே ஏறத்தாழ 145 கிலோ வருகிறது. அமர்ந்ததும் இருக்கையை முன்னும் பின்னும் அசைத்து, அது நகரும் தரைத் தண்டவாளத்தில் பூட்டியிருப்பதை உறுதி செய்யுங்கள். மேலேறும்போதும் இறங்கும்போதும் பேச்சுக் கொடுக்காதீர்கள்; ஆனால் வேறொரு விமானம் கண்ணில் பட்டால் உடனே சொல்லுங்கள்.

வீட்டாரின் கவலைக்கும் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் நண்பர் பயணத் திட்டத்தைப் பதிவு செய்தால், குறித்த நேரத்துக்கு அரை மணி கடந்தும் தகவல் இல்லாதபோது அதிகாரிகள் விசாரிக்கத் தொடங்குவார்கள். இறங்கியதும் அந்தத் திட்டத்தை முடித்துவைக்குமாறு விமானிதான் தெரிவிக்க வேண்டும். களைப்பில் அவர் மறந்துவிடாமல் நினைவூட்டும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.