விளையாடி முடித்ததும் கோச் ஆகிவிடலாமா?

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகன் பதினோராம் ஆண்டு. சிட்னி மேற்கில் ரக்பி லீக் ஆட்டத்தில் ஹரால்ட் மேத்யூஸ் கோப்பை அணிக்கு, அதாவது 17 வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு, தேர்வாகியிருக்கிறான். "எச்.எஸ்.சி. (பள்ளி இறுதிப் பரீட்சை) எதற்கு? பத்து வருடம் விளையாடுவேன், அப்புறம் கோச் ஆகிவிடுவேன்" என்கிறான். மைதானத்துக்கே போகாமல் நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

நிறுத்தாதீர்கள். அந்த அணியில் இடம் கிடைப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அவன் போடும் கணக்கில் பிழை இருக்கிறது.

ரக்பி லீக்கின் உயர்மட்டப் போட்டியான என்.ஆர்.எல்.லில் இப்போது 17 கழகங்கள். ஒவ்வொன்றிலும் முதல் அணிக்கு 30 வீரர்கள் என்றால் சுமார் 500 பேர். தலைமைக் கோச் இடமோ 17தான். அதுவும் நிலையான இடமில்லை. கோச் ஐவன் கிளியரியை பென்ரித் கழகம் 2015இல் நீக்கியது. 2019இல் அதே கழகத்துக்குத் திரும்பி வந்தவர், 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை கோப்பை வாங்கிக் கொடுத்தார். அந்த இடைவெளியைத் தாங்கும் மனசு வேண்டும்.

கோச் வெய்ன் பென்னட்டின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். குயின்ஸ்லாந்துக்காரர். ஆஸ்திரேலிய அணியோடு 1971இல் நியூசிலாந்து போய் விளையாடியவர். அந்த நாளில் ஆட்டக் காசில் குடும்பம் நடத்த முடியாது. அவருடைய வேலை போலீஸ். 1976இல் இப்ஸ்விச் அணிக்கு கோச் ஆனபோதும் அந்த வேலை கையில் இருந்தது. போலீஸ் அகாடமியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். இளைஞர்களை வரிசையில் நிறுத்திப் பேசவும், ஒருவன் ஏன் தடுமாறுகிறான் என்று பார்க்கவும் அங்கே நிறையப் பழகியிருப்பார் என்பது என் கணிப்பு. பிரிஸ்பேன் பிராங்கோஸ் 1988இல் தொடங்கியபோது அதன் முதல் கோச் அவர்தான். அந்தக் கழகத்தோடு ஆறு, செயின்ட் ஜார்ஜ் இல்லவாராவோடு 2010இல் ஒன்று என ஏழு பட்டங்கள் அவர் கணக்கில் இருக்கின்றன.

கிரெய்க் பெலமி கான்பெராவில் 1992இல் ஆடி முடித்தார். தலைமைக் கோச்சாக மெல்பர்ன் ஸ்டார்முக்குப் போனது 2003இல். இடையில் ஐந்து வருடம் பென்னட்டுக்கு உதவியாளர். டிரென்ட் ராபின்சன் முதல்தரத்தில் ஆடிய ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ரூஸ்டர்ஸ் அணிக்கு அவர் கோச் ஆன முதல் வருடமே, 2013இல், கோப்பை வந்தது. ஆட்டத்தில் நட்சத்திரமாக இருப்பது ஒன்று, சொல்லிக்கொடுப்பது வேறொன்று. கோச் வேலை அடிப்படையில் ஆசிரியர் வேலைதான் அக்கா.

அதனால் எச்.எஸ்.சி.யை முடிக்கட்டும். பிறகு உடற்கல்வி ஆசிரியர் படிப்போ விளையாட்டு அறிவியலோ படிக்கலாம். பக்கத்திலேயே வெஸ்டர்ன் சிட்னி பல்கலைக்கழகம் இருக்கிறது. வீரர்களின் கல்வியையும் நலனையும் பார்க்கக் கழகத்தில் ஒரு அலுவலர் இருப்பார். அவரைப் பார்த்து, பயிற்சி நேரத்தையும் பரீட்சை நாட்களையும் அவர் முன்னால் வைத்துப் பேசுங்கள். தலையில் அடிபட்டால் என்ன செய்வார்கள் என்பதையும் தயங்காமல் கேளுங்கள். உங்கள் பயம் நியாயமானது. மூளை அதிர்ச்சி என்று உறுதியானால் என்.ஆர்.எல்.லில் பெரியவர்களையே பொதுவாகக் குறைந்தது 11 நாள் உட்காரவைக்கும் விதி 2023இல் வந்தது. "எனக்கு ஒன்றுமில்லை, ஆடுகிறேன்" என்று அவன் சொன்னால் அந்தப் பேச்சை மட்டும் கேட்காதீர்கள்.

இன்னொன்று. அவன் சின்ன வயதில் ஆடிய கழகத்தில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மாலை உதவப் போகட்டும். டேக்கிள் செய்யும்போது, அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து நிறுத்தும்போது, தலையை எந்தப் பக்கம் வைப்பது என்பதைப் பத்துப் பிள்ளைகளுக்குப் பத்து விதமாகச் சொல்ல வேண்டிவரும். அது பிடித்திருக்கிறதா என்பது ஒரு பருவத்திலேயே தெரிந்துவிடும்.

நீங்களும் அடுத்த ஆட்டத்துக்குப் போங்கள். இலங்கையில் நாம் பார்த்த பதினைந்து பேர் ரகர் (ரக்பி யூனியன்) இல்லை இது; பதின்மூன்று பேர் ஆட்டம், விதிகள் வேறு. வீட்டுக்கு வந்ததும், ஐந்து டேக்கிள் முடிந்தவுடன் ஏன் பந்தை உதைத்துவிடுகிறார்கள் என்று கேளுங்கள். சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் நகர்த்தி அவன் விளக்கட்டும். உங்களுக்குப் புரிந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.