போல்ட் வரிசையைத் தாண்டிப் போனவரைத் தூண்டியது எது?

கேள்வி: சிங்கப்பூரில் பாறையைக் குடைந்து நிலத்தடி அறைகள் அமைக்கும் வேலையிடத்தில் 14 பேர் கொண்ட குழுவுக்கு நான் மேற்பார்வையாளர். பாதிப் பேர் தமிழர்கள். எல்லோரும் பாதுகாப்புப் பயிற்சியில் தேறியவர்கள். கேட்டால் விதிகளை ஒப்பிப்பார்கள். ஆனாலும் சென்ற மாதம் அனுபவமுள்ள ஊழியர் ஒருவர், பாறை கழன்று விழாமல் பிடித்துவைக்கும் போல்ட்டுகளை இன்னும் அடிக்காத கூரைக்கு அடியில் நடந்துபோய், அங்கே கிடந்த ஹோஸை எடுத்துவந்தார். ஒன்றும் நேரவில்லை. ஆனால் எனக்கு அன்றிரவு உறக்கமில்லை. நிலத்தடியில் வேலை செய்பவரைப் பாதுகாப்பான முடிவை எடுக்கவைப்பது எது? சுரங்கங்களின் அனுபவம் என்ன சொல்கிறது?

பதில்: முதலில் அந்த ஊழியர் நின்ற இடத்தில் நீங்கள் நின்று பாருங்கள். ஹோஸ் நான்கு எட்டு தூரத்தில் கிடக்கிறது. அதைப் பாதுகாப்பாக இழுத்தெடுக்க நீண்ட கொக்கி வேண்டும்; அது எங்கேயோ ஸ்டோரில் இருக்கிறது. பாறைமேல் பீய்ச்சும் கான்கிரீட்டான ஷாட்கிரீட்டோடு லாரி காத்திருக்கிறது, ஷிப்ட் முடியும் நேரம். இதற்கு முன்பும் அவர் அப்படிப் போயிருப்பார், ஒவ்வொரு முறையும் கூரை விழாமல் இருந்திருக்கும். விழாத கூரை ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு பாடம் நடத்தியிருக்கிறது. உங்கள் வகுப்பறைப் பாடத்தைவிட அது ஆழமாகப் பதிந்துவிட்டது. எனவே அவரிடம் இல்லாதது அறிவுதான் என்று எண்ணி மறுபடியும் வகுப்புக்கு அனுப்பினால் பயன் இராது.

என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை செய்தவர். வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து போன ஆயிரக்கணக்கான தமிழர்களில் அவரும் ஒருவர். அங்கிருந்த சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குச் சென்றது. அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறுவது அங்கே ஓயாத ஆபத்தாக இருந்தது. ஷிப்ட் தொடங்குமுன் கடப்பாரையால் கூரையைத் தட்டிப் பார்ப்பதைத் தாத்தா எனக்குச் செய்து காட்டியிருக்கிறார். இறுகிய பாறை கணீரென்று ஒலிக்கும்; உள்ளே விரிசல் விட்டுக் கழன்றிருக்கும் பாறை, ஓட்டைப் பானையைத் தட்டியதுபோல் பொத்தென்று ஒலிக்கும். பொத்தென்று கேட்டதும் ஒருவர், "இங்கே வேண்டாம்" என்கிறார் என்று வையுங்கள். ஃபோர்மேன் உடனே தானும் வந்து தட்டிப் பார்த்தால், நாளைக்கு இன்னும் நான்கு பேர் கவனமாகத் தட்டுவார்கள். "பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தால், நாளைக்கும் தட்டுவார்கள், ஆனால் கேட்டதைச் சொல்ல மாட்டார்கள். நிலத்தடியில் ஒருவருடைய முடிவை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது, இதற்கு முன் வேலையை நிறுத்தியவருக்கு என்ன நேர்ந்தது என்பதே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நியூசிலாந்தின் பைக் ரிவர் நிலக்கரிச் சுரங்கத்தில் 2010 நவம்பர் 19 அன்று மீத்தேன் வெடித்து 29 பேர் இறந்தார்கள். காற்றில் மீத்தேன் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது வெடிக்கக்கூடியது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெடிப்புக்கு முந்திய 48 நாட்களில் மட்டும் அந்த அளவை எட்டியதாக 21 அறிக்கைகளும், அதற்குக் குறைந்த ஆனால் ஆபத்தான அளவுகள் பற்றி 27 அறிக்கைகளும் எழுதப்பட்டிருந்ததை அரச விசாரணை ஆணையம் கண்டறிந்தது. அதாவது, கீழே இருந்தவர்கள் பார்த்தார்கள், எழுதியும் வைத்தார்கள்; மேலேயிருந்து செயலாகப் பதில் வரவில்லை. நிலக்கரி எடுப்பதை விரைவுபடுத்த ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டிருந்தது. இயந்திரங்களிலிருந்த வாயு உணர்கருவிகளைச் செயலிழக்கச் செய்துவிட்டு வேலையைத் தொடர்ந்த நிகழ்வுகளும் அங்கே பதிவாகியிருந்தன. அவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதியதற்குப் பதில் வராத இடத்தில், ஊக்கத்தொகை என்ன சொல்கிறதோ அதுவே நிர்வாகத்தின் உண்மையான கட்டளையாகக் காதில் விழும்.

நம் சிங்கப்பூரிலும் இதற்குச் சான்று உண்டு. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை அருகே எம்ஆர்டி ரயில் பாதைக்கான அகழ்வு சரிந்து நால்வர் மாண்டனர். அதற்கு முன்பே அளவுமானிகள் எல்லை மீறிய அளவுகளைக் காட்டியிருந்தன, எல்லைதான் உயர்த்தப்பட்டது. அன்று காலையிலேயே தாங்குசட்டங்கள் வளைவதை வேலையாட்கள் கண்டிருந்தார்கள். 2006 மார்ச்சில் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்கு வழிவகுத்த விபத்துகளில் இதுவும் ஒன்று.

உங்கள் குழுவுக்கென்று இன்னொரு பாரமும் இருக்கிறது. ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் அடையாத ஒருவர், வேலையை நிறுத்தச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சுகிறார், ஓ.டி. போய்விடுமோ என்றும் கணக்குப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்கும் வங்காளதேச ஊழியருக்கும் சீன ஊழியருக்கும் தன் ஐயத்தை விளக்க அவரிடம் மொழியும் இல்லை. ஆபத்து என்று நியாயமாகத் தோன்றும் இடத்தைவிட்டு விலகும் உரிமையை, 1995ஆம் ஆண்டின் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை எண் 176 சுரங்கத் தொழிலாளர்களுக்கு அளிக்கிறது. ஆனால் தாளில் உள்ள உரிமை, "அண்ணே, கொஞ்சம் நிறுத்தலாமா?" என்று ஒருவர் வாய் திறக்கும் அந்த நொடியில் உங்கள் முகம் போகும் போக்கைப் பொறுத்தே உயிர்பெறுகிறது.

ஆகவே அடுத்த முறை யாராவது நிறுத்தினால், உங்கள் முதல் வார்த்தை "என்ன பார்த்தீங்க?" என்பதாக இருக்கட்டும். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று தொடங்கினால் அதோடு பேச்சு முடிந்துவிடும். அவர் ஐயம் தவறு என்று தெரியவந்தாலும், மறுநாள் வேலைக்கு முன் குழுவாகக் கூடிப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் அவர் பேரைச் சொல்லி நன்றி கூறுங்கள். நிறுத்திய நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கப்படாது என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிவையுங்கள். எல்லா மொழியினருக்கும் புரியும்படி நிறுத்துவதற்கு ஒரே ஒரு கைச்சைகையை வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த தம்பி எவரும் போஸ்டரைப் பார்த்துக் கற்பதில்லை, பக்கத்திலிருக்கும் மூத்தவரின் கால் எங்கே போகிறது என்று பார்த்தே கற்கிறார். அதனால், அவசரமாக ஒரு நிமிட வேலைதான் என்றாலும், நீங்கள் அந்தக் கடைசி போல்ட் வரிசையைத் தாண்டாதீர்கள். உறக்கக் குறைவும் வெப்பமும் முடிவைக் கெடுக்கும் என்பது நீங்கள் அறிந்ததே. ஷிப்டின் கடைசி மணிநேரத்தில், பாறையைக் குடைந்துகொண்டிருக்கும் முனையான முகப்பில் வேலையைக் குறையுங்கள்.

பாதுகாப்பான வழி நீளமாகவும் ஆபத்தான வழி குறுக்காகவும் இருக்கும்வரை, களைத்த மனிதர் குறுக்கு வழியைத்தான் எடுப்பார். கடைசி போல்ட் வரிசையில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் அருகிலேயே நீண்ட கொக்கியையும் கூடுதலாக ஒரு ஹோஸையும் வைத்துவிடுங்கள். முகப்பு முன்னேற முன்னேற அவையும் முன்னேற வேண்டும்.

ஹோஸ் எடுக்கப் போனவரைத் தனியே அழைத்து, தண்டனைப் பேச்சு எதுவும் இல்லாமல், அன்று எது இருந்திருந்தால் அவர் போயிருக்கமாட்டார் என்று கேளுங்கள். அவர் சொல்வதில் ஒன்றையாவது ஒரு வாரத்துக்குள் செய்து முடித்து, கூரையைத் தட்டிப் பார்க்கும் கடப்பாரையை அடுத்த ஷிப்டில் அவர் கையிலேயே கொடுங்கள்.