"டெல்டாவுல கம்பெனியே இல்லையே சார்": ஒரு கடிதம்

வணக்கம் சார்,

மன்னார்குடி பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில தொழிற்கல்வி வாத்தியாரா இருக்கேன், பேர் போட வேண்டாம். பிளஸ் ஒன் பசங்கள கடை, பட்டறைன்னு கொஞ்ச நாள் அனுப்பி வேலை பழக வைக்கலாம்னு ஆசை. கடைக்காரங்க "பையனுக்கு ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது"ங்கறாங்க. பெத்தவங்க "படிக்க அனுப்புனா வேலைக்கு அனுப்புறீங்களா"ன்னு சண்டைக்கு வர்றாங்க. அதுக்கும் மேல இங்க கம்பெனின்னே ஒண்ணும் இல்ல, இது என்ன கோயம்புத்தூரா? நம்ம ஊருக்கு இதெல்லாம் சரிப்படுமா?

*

சார், வணக்கம்.

பெத்தவங்க கோவத்துலேர்ந்தே ஆரம்பிக்கிறேன், அதுல நியாயம் இருக்கு. 1953ல ராஜாஜி சின்னப் பசங்களுக்கு அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில்னு ஒரு திட்டம் கொண்டு வந்தார், குலக்கல்வின்னு சொல்லி ஊரே எதிர்த்துச்சு, மறு வருஷம் அவர் பதவிய விட்டுப் போக காமராஜர் வந்து அத தூக்கிப் போட்டார். அந்த பயம் இன்னும் போகல, போகவும் வேண்டாம். அதனால முதல் கூட்டத்துலயே வாய்விட்டு சொல்லிடுங்க, அவங்கவங்க வீட்டுத் தொழிலுக்கு யாரையும் அனுப்ப மாட்டோம்னு. தச்சர் வீட்டுப் பையன் ஆடிட்டர் ஆபீஸ்ல போய் உக்காரட்டும், நடவுக்குப் போற அம்மாவோட பொண்ணு பட்டறையில கரண்ட் அளக்குற மல்டிமீட்டர் பிடிக்கட்டும்.

கம்பெனி இல்லங்கறது பாதி தான் நெஜம். டெல்டாவப் பாதுகாக்க 2020ல வந்த வேளாண் மண்டல சட்டத்துக்கு அப்புறம் உருக்காலை, தோல் ஆலைன்னு எதுவும் இங்க புதுசா வர முடியாது, நல்லது தான். ஆனா ரைஸ் மில் இருக்கு, டிராக்டர், அறுவடை மெஷின் ரிப்பேர் பாக்குற ஒர்க்ஷாப் இருக்கு, நாச்சியார்கோயில்ல குத்துவிளக்குப் பட்டறை, சுவாமிமலையில சிலை வார்க்கிறவங்க, தஞ்சாவூர்ல உணவு பதப்படுத்துறதுக்கே ஒரு மத்திய அரசு கல்லூரி, இதெல்லாம் பஸ் தூரத்துல தானே இருக்கு.

உண்மையான சிக்கல் வேற எடத்துல இருக்கு. பிளஸ் ஒன் காலாண்டு லீவுல நான் திருவாரூர்ல ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு, அதாவது எரிஞ்ச மோட்டாருக்கு மறுபடி செம்புக் கம்பி சுத்துற கடைக்குப் போனேன், எங்க மாமா சேத்து விட்டார். நாலு நாள் டீ வாங்குனேன், கடை பெருக்குனேன், செம்புக் கம்பி மூட்டைய எடைக்குத் தூக்கிட்டுப் போனேன், அவ்ளோ தான். அஞ்சாம் நாள் நல்ல மழை, கடை காத்தாடுது, மேஸ்திரிக்கும் வேலை இல்ல. மூலையில எரிஞ்சு கெடந்த ஒரு 5 எச்பி மோட்டார இழுத்துப் போட்டு, ஒரு பக்கம் கம்பிச் சுருள, அதான் காயில வெட்டி விட்டு, கம்பி சொருகியிருக்குற ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் எத்தன கம்பின்னு எண்ணுடான்னார். மூணு தடவ எண்ணுனேன், மூணு கணக்கு வந்துச்சு. சிரிச்சுட்டு, "சரி, இது ஏன் எரிஞ்சுது சொல்லு"ன்னார். அந்த மோட்டாருக்கு மூணு லைன்ல கரண்ட் வரணும், ஒவ்வொண்ணும் ஒரு பேஸ். உத்துப் பாத்தா ரெண்டு பேஸோட காயில் மட்டும் கரிக்கட்டையா இருக்கு, மூணாவது பேஸ் புதுசாட்டம் பளபளங்குது. அந்த பளபளக்குற பேஸ்ல கரண்ட் வராமலே ஓட்டியிருக்கான், மத்த ரெண்டும் அந்த பாரத்தையும் சேத்து இழுத்து கருகிப் போச்சு. கிளாஸ்ல த்ரீ பேஸ்னு படிச்சது அன்னிக்கு தான் எனக்கு மண்டையில ஏறுச்சு. மழை மட்டும் பெய்யலன்னா பத்து நாளும் டீ வாங்கிட்டு தான் வந்திருப்பேன்.

நீங்க செய்ய வேண்டியது இங்க தான் இருக்கு சார், மழைய நம்பி அனுப்பாதீங்க. ஜெர்மனியில வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் கம்பெனின்னு 300க்கு மேல தொழில் பழக்குறாங்க, அங்க பழக வர்ற பையனுக்கு எத எந்த வருஷம் சொல்லித் தரணும்னு எழுத்துல இருக்கு, சொல்லித் தர்றவரே அதுக்குன்னு ஒரு பரீட்சை எழுதி பாஸ் பண்ணியிருக்கணும். அவ்ளோ பெருசா வேண்டாம், ஒரே ஒரு தாள் போதும். ரீவைண்டிங் கடைன்னா காயில் பிரிக்க, சுத்து எண்ண, கம்பி கேஜ், அதாவது தடிமன் பாக்க, ஏன் எரிஞ்சுதுன்னு சொல்லன்னு நாலு வரி, அதையும் மேஸ்திரி கூட உக்காந்து அவர் வாயாலயே சொல்ல வச்சு எழுதுங்க, நீங்களா எழுதிட்டுப் போனா அவர் அத எண்ணெய் துடைக்க வச்சுப்பார். நடுவுல ஒரு நாள் சொல்லாம கொள்ளாம போய் நில்லுங்க.

காலத்தையும் பாத்துக்கோங்க. மே, ஜூன்ல குறுவை நாத்தங்காலுக்கு போர்வெல் மோட்டார் ஓடும், மோட்டார் கடையில மூச்சு விட நேரம் இருக்காது, அப்ப பையன் போனா மறுபடி டீ தான். புரட்டாசி காலாண்டு லீவு தேவலாம்.

கடைக்காரர் பயத்துக்கு: 14லேர்ந்து 18 வயசுக்குள்ள உள்ள பசங்கள ஆபத்தான வேலையில விடக் கூடாதுன்னு 2016லயே சட்டத்த திருத்திட்டாங்க. அதனால ரைஸ் மில்லுன்னா நெல் தரம் பாக்குற மேசை, கணக்கு, சார்ட்டிங் மெஷின் வரைக்கும் தான், பாய்லர் பக்கம் கால் வைக்கக் கூடாதுன்னு தாள்லயே எழுதிடுங்க. பள்ளிக்கூடத்துப் பேர்ல ஒரு குழு விபத்துக் காப்பீடு எடுத்து ஜெராக்ஸ அவர் கையில குடுத்தா பாதி பேர் எறங்கி வருவாங்க.

பொண்ணுங்கள ரெண்டு ரெண்டு பேரா அனுப்புங்க. அவங்களுக்கு அரசு டவுன் பஸ்ல டிக்கெட் காசு கிடையாது, பசங்களுக்கு தான் லீவு நாள்ல பாஸ ஒத்துக்க மாட்டாங்க, அந்தக் காச பள்ளிக்கூடம் குடுக்குதா கடை குடுக்குதான்னு முதல்லயே பேசி வச்சிடுங்க.