2147483647 பகா எண்தான், தவறு லூப்பில் இருக்கிறது

கேள்வி: ஜாவாவில் பகா எண் சோதிக்கும் புரோகிராம் எழுதினேன். 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களால் வகுத்துக்கொண்டே போய், வகுக்கும் எண்ணின் வர்க்கம் கொடுத்த எண்ணைத் தாண்டியதும் நிறுத்துகிறேன். சின்ன எண்களுக்கெல்லாம் சரியாக வருகிறது. 2147483647-ஐக் கொடுத்தால் மட்டும் வெகுநேரம் ஓடிவிட்டு, 'பகா எண் அல்ல' என்கிறது. அது பகா எண் என்றல்லவா படித்தேன்?

பதில்: நீங்கள் படித்ததுதான் சரி. அதன் மதிப்பு 2³¹ − 1. பகா எண்தான் என்று 1772-லேயே கணித மேதை ஆய்லர் காட்டிவிட்டார்.

ஜாவாவில் முழு எண்களுக்கான 'இன்ட்' வகைக்குள் அடங்கும் மிகப் பெரிய மதிப்பும் இதே எண்தான். சிக்கல் அங்கேதான். 46339 வரை வர்க்கம் ஒழுங்காக வரும். அடுத்த 46341-இன் வர்க்கம் 2147488281. அது இன்ட்டில் கொள்ளாமல் சுற்றிக்கொண்டு −2147479015 ஆகிவிடும். 'இன்னும் தாண்டவில்லை' என்று லூப் தொடரும். எந்த இன்ட் மதிப்பும் 2147483647-ஐத் தாண்டாது என்பதால் உங்கள் நிபந்தனை அதை எப்போதுமே நிறுத்தாது. கடைசியில் வகுக்கும் எண்ணே 2147483647 ஆகி, மீதி 0 வந்து, தவறான விடை கிடைக்கிறது.

வர்க்கத்தை விட்டுவிடுங்கள். வகுத்து வரும் ஈவைப் பாருங்கள். வகுக்கும் எண் ஈவைவிடப் பெரிதானதும் நிறுத்துங்கள். இன்னும் பெரிய எண்களைக் கொள்ளும் 'லாங்' வகைக்கு மாறினாலும் இந்த எண்ணுக்குச் சரியாகும், ஆனால் அதற்கும் ஓர் உச்சம் உண்டு. அதனால் ஈவு வழியைத்தான் நான் சொல்வேன்.

இப்படித் திருத்தினால் 23,169 வகுத்தல்கள். கணினிக்கு இது ஒன்றுமில்லை. கையால் போட்ட ஆய்லருக்கு? அவர் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பகா எண் 2³¹ − 1-ஐ மீதியின்றி வகுத்தால், அதனால் 2³¹-ஐ வகுக்கும்போது மீதி 1 வரும். 31 பகா எண் என்பதால், அதைவிடச் சிறிய அடுக்கு எதிலும் மீதி 1 வராது. ஃபெர்மாவின் சிறு தேற்றத்தை (ஒற்றைப்படைப் பகா எண்ணில் 1 குறைத்ததை 2-இன் அடுக்காக்கி, அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1) சேர்த்தால், அந்த வகுஎண்ணில் 1 குறைத்தது 31-இன் மடங்கு; வகுஎண் ஒற்றைப்படை என்பதால் 62-இன் மடங்கும்கூட. 2¹¹ − 1-இல் இதைக் கண்ணால் பார்க்கலாம்: 2047 = 23 × 89, இரண்டுமே 22-இன் மடங்கைவிட ஒன்று கூடுதல். மேலும், 2³²-க்கு மீதி 2. அதாவது 2¹⁶-இன் வர்க்கத்துக்கு மீதி 2. இப்படி 2 ஒரு வர்க்கத்தின் மீதியாக வந்தால், வகுஎண்ணை 8-ஆல் வகுத்த மீதி 1 அல்லது 7 ஆகத்தான் இருக்கும்.

இரண்டையும் சேர்த்தால், வகுஎண் 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டியதாக இருக்க வேண்டும். 46340 வரை அப்படி 373 எண்களே உண்டு. 63, 249, 497 போன்றவை பகு எண்கள், தள்ளிவிடலாம். முதலில் நிற்பது 311. வகுத்தால் மீதி 35. அடுத்தது 1303. ஆக, 1300 வரை ஒரே ஒரு வகுத்தல்!

ஓர் எச்சரிக்கை. 2-ஐ வைத்துச் செய்யும் ஃபெர்மா சோதனையை (எண்ணில் 1 குறைத்ததை 2-இன் அடுக்காக்கி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது), 2-இன் அடுக்கில் 1 குறைத்து வரும் இந்தக் குடும்பத்தில் நம்பாதீர்கள். அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே தேறிவிடும். பகு எண்ணான 2047-உம் தேறும். இங்கே லூகாஸ்-லெமர் சோதனைதான் சரி: 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்த மீதியை எடுங்கள்; இதையே திரும்பத் திரும்பச் செய்து, அடுக்கைவிட 2 குறைவான படிகளின் முடிவில் பூஜ்யம் வந்தால் அது பகா எண். 31-க்கு (2⁵ − 1) 4, 14, 8, 0 என்று மூன்றே படியில் பூஜ்யம் வரும். உங்கள் எண்ணுக்கு 29 படிகள். அந்த வர்க்கங்களை மட்டும் மறக்காமல் லாங்கில் போடுங்கள்.