“அறிவியல் எனக்குச் சரிப்படாது”: கேள்வி பதில்

கேள்வி: என் மகள் அறிவியலில் நல்ல மார்க் எடுக்கிறாள். ஆனாலும் “அதெல்லாம் எனக்குச் சரிப்படாதும்மா” என்கிறாள். ஏன் மேடம்?

பதில்: மார்க் வேறு, “இது என் துறை” என்ற எண்ணம் வேறு. கார்லோன், ஜான்சன் என்ற கல்வி ஆய்வாளர்கள் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று விஷயங்களைச் சொன்னார்கள்: பாடம் தெரிய வேண்டும், தெரிந்ததைப் பிறர் முன் செய்துகாட்ட வேண்டும், அதைப் பிறர் அங்கீகரிக்க வேண்டும். மூன்றாவதில்தான் வகுப்பறைகள் கோட்டை விடுகின்றன. “கெட்டிக்காரி” என்ற பொதுவான பாராட்டு ஒட்டாது. “நீ கேட்ட கேள்வியால்தான் சோதனையை மாற்றினோம்” என்று ஆசிரியர் சொன்னால் அது வருடக்கணக்கில் மனதில் நிற்கும்.

கேள்வி: நான் இயற்பியல் ஆசிரியர். எது கேட்டாலும் அதே இரண்டு பேர்தான் கை தூக்குகிறார்கள்.

பதில்: கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள், சார்? மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களில் அளந்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். அவசரப்படுத்தும் வகுப்பில், நிதானமாக யோசிக்கும் பிள்ளை தன்னை மந்தம் என்றே முடிவுகட்டிவிடும்.

கேள்வி: பெண் விஞ்ஞானிகளின் படங்களை வகுப்பில் மாட்டினால் பயன் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் படம் மட்டும் போதாது. சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் 4,807 குழந்தைகள் விஞ்ஞானியை வரைந்தார்கள். பெண்ணாக வரைந்தவர்கள் 28 பேர், அத்தனை பேரும் சிறுமிகள். படத்தோடு, அந்த விஞ்ஞானி எங்கே தடுமாறினார் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: தப்பாகச் செய்த மாணவனை மனம் நோகாமல் திருத்துவது எப்படி?

பதில்: தப்பை மூடி மறைக்க வேண்டாம், அது எப்படி வந்தது என்று அவனோடு சேர்ந்து தேடுங்கள். ஒருமுறை என் வகுப்பில் ஒரு மீட்டர் ஊசலின் 20 அலைவுகளுக்கு (ஒருமுறை போய்த் திரும்புவது ஓர் அலைவு) எல்லாக் குழுக்களுக்கும் சுமார் 40 விநாடி வந்தது. ஒருவனுக்கு மட்டும் 38. “எனக்கு லேப் வராது மிஸ்” என்று தாளை மடித்தான். “தாளை விரி, இன்னொரு தடவை எண்ணிக் காட்டு” என்றேன். குண்டை விட்டதுமே “ஒன்று” என்றான். அவன் “இருபது” என்று முடித்தபோது ஆகியிருந்தது 19 அலைவுகள்தான்! 38-ஐ 19-ஆல் வகுத்துப் பார்த்தான்; சரியாக இரண்டு விநாடி. அவன் கடிகாரம் பார்த்ததில் பிழையே இல்லை. அதைக் கரும்பலகையில் அவனையே விளக்கச் சொன்னேன். அடுத்த லேபில் பக்கத்துக் குழுவிடம் போய், “பூஜ்யத்திலிருந்து எண்ணுங்கடா” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.